காப்பாற்றும் மருந்தே தழும்பையும் வளர்க்குமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, எங்க பெரியப்பாவுக்கு நுரையீரல் மாத்தி நாலு வருஷம் ஆகுது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறினது இல்ல. ஆனா இப்ப நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. அந்த மாத்திரைகளே தழும்பை உண்டாக்கலாம்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா? உண்மைன்னா ஏன் குடுக்கிறாங்க?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கு. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இதைப் பார்த்திருக்காங்க. சிறுநீரகத்தில் மனிதர்களிடமே பார்த்திருக்காங்க. ஆனால் மாற்றிய நுரையீரலில் விழும் தழும்புக்கு மருந்துதான் காரணம் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகவே தெரியும். நுரையீரல் போய்விடும், பெரும்பாலும் உயிரும் போய்விடும். அதனால் இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் ஒரு மாத்திரையைக்கூட ஒதுக்கி வைக்காதீங்க. நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர், டாக்டர் கிடையாது. ஆய்வுகளைப் படிச்சு, எது எவ்வளவு உறுதி என்று பிரிச்சுச் சொல்வதுதான் இங்கே என் வேலை.

தழும்பு ஏன் நுரையீரலுக்கு இவ்வளவு ஆபத்து?

முழங்காலில் சிராய்ச்சுக்கிட்டா கொஞ்ச நாளில் புண் ஆறி, ஒரு தழும்பு நிற்கும். உடம்பைப் பொறுத்தவரை அது ஒட்டுப் போட்ட வேலை. அடிபட்ட இடத்துக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைப் பின்னி ஓட்டையை மூடிடுது. தோலில் இது பிரச்சினையே இல்லை. முழங்கால் கொஞ்சம் அழகு குறையும், அவ்வளவுதான்.

நுரையீரல் அப்படி இல்லை. அது மெல்லிசா இருக்கணும், மூச்சுக்கு மூச்சு விரிஞ்சு சுருங்கணும். அங்கே ஒட்டுப் போட ஆரம்பித்தால் வேலையே நின்றுபோகும்.

மாற்றிய நுரையீரலில் இது முக்கியமாக இரண்டு விதமாக நடக்குது. முதல் விதம் மூச்சுச் சிறுகுழாய்களில். நுரையீரலின் கடைசிக் கிளைகளில் இருக்கிற ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலக் குழாய்கள் அவை. சென்னையில் உப்புத் தண்ணி வர்ற பழைய வீட்டுப் பைப்பை வெட்டிப் பார்த்திருக்கீங்களா? வெளியே பார்த்தா முழுப் பைப், உள்ளே ஒரு பென்சில்கூட நுழையாது. அது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே அடைப்பு தண்ணியில் இருந்து படிவதில்லை, குழாயின் சுவரே உள்பக்கமாகத் தழும்பாக வளர்ந்து மூடுது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றிக்கொண்டவர்களிடம் இதைக் கண்டு 1984-ல் எழுதினார்கள். இரண்டாவது விதத்தில் நுரையீரல் முழுக்கவே விறைச்சுச் சுருங்கிடுது. டொரோண்டோ குழு ஒன்று 2011-ல் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியது.

இரண்டுக்கும் சேர்த்து மருத்துவர்கள் சொல்லும் சுருக்கப் பெயர் 'கிளாட்'. மாற்றிய நுரையீரல் நாள்பட்டுச் செயலிழப்பது என்று அர்த்தம். கண்டுபிடிப்பது ஊதிப் பார்த்துத்தான். பலமா ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருது என்று அளப்பாங்க. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு இருந்த நல்ல அளவில் இருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, வேறு காரணமும் இல்லாமல், குறைந்தபடியே நின்றால் கிளாட் என்று சந்தேகிப்பாங்க.

நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 வருஷத்துக்குள் இது வருது. முதல் வருஷத்தைத் தாண்டியவர்களின் மரணத்துக்கு இது ஒரு பெரிய காரணம். சிறுநீரகம், கல்லீரல் மாற்றியவர்களைவிட நுரையீரல் மாற்றியவர்களின் ஆயுள் குறைவாக இருக்கவும் இதுவே முக்கியக் காரணம்.

இது எங்கேயோ தூர தேசத்துக் கதை கிடையாது. இந்தியாவில் நுரையீரல் மாற்று அதிகம் நடக்கிற ஊர்களில் சென்னையும் ஒன்று. 2020-ல் கோவிட் நுரையீரலைச் சிதைத்துவிட்டதால் மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டவர்களின் செய்தியை நாம எல்லாருமே படிச்சோம். ஆபரேஷன் வெற்றி என்ற செய்தியோடு நம்ம கவனம் முடிஞ்சுடுது. அவங்களுக்கு அங்கிருந்துதான் கதை தொடங்குது.

தழும்பு குறைந்தாலும் ஆபத்து

இங்கே ஒரு சின்ன வரலாறு தேவைப்படுது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துக்கும் காயம் ஆறுவதற்கும் உள்ள உறவு, இந்த ஆபரேஷனின் ஆரம்பத்தில் இருந்தே இருக்கிற சிக்கல்.

மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று 1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நடந்தது. செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அடுத்த 20 வருஷம் உலகில் பல இடங்களில் முயன்றும் யாரையும் நீண்ட காலம் வாழ வைக்க முடியவில்லை. ரிஜெக்‌ஷன் ஒரு காரணம், அதாவது புது உறுப்பை உடம்பு அந்நியன் என்று தாக்குவது. இன்னொரு காரணம் தையல். புது நுரையீரலின் மூச்சுக்குழாயை உடம்பின் குழாயோடு இணைத்த இடம் ஆறாமல் பிரிந்துகொண்டது.

டொரோண்டோவில் ஜோயல் கூப்பரின் குழு இதை நாய்களிடம் சோதித்தது. ரிஜெக்‌ஷனைத் தடுக்க அப்போது நிறையக் கொடுத்த ஸ்டீராய்டுதான் இணைப்பை ஆறவிடாமல் தடுக்குது என்று தெரிந்தது. அப்போது புதிதாக வந்திருந்த சைக்ளோஸ்போரின் அப்படித் தடுக்கவில்லை. 1983-ல் அதே குழு செய்த ஒற்றை நுரையீரல் மாற்றுதான் நீண்ட காலம் வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன். அந்த நோயாளி 6 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

20 வருஷம் கழிச்சு இதே பாடம் இன்னொரு தடவை வந்தது. சிரோலிமஸ் என்று ஒரு மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரியில் இருந்து எடுத்தது. அதை உலகுக்குக் கொண்டுவர உழைத்தவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்தியர். செல்கள் பெருகுவதையே தடுக்கிற மருந்து என்பதால் தழும்பையும் தடுக்கும் என்று நம்பினார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த உடனே கொடுத்தபோது, சிலருக்கு மூச்சுக்குழாய் இணைப்பு பிரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. 2003-லேயே இது பதிவானது. இன்று அந்த மருந்தின் எச்சரிக்கைக் கட்டத்தில் நுரையீரல் மாற்று என்றே குறிப்பிட்டு எழுதியிருக்கு.

நான் ஏன் இதைச் சொல்றேன்? நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து என்று பெயர் வைத்துவிட்டோம். மருந்துக்கு அந்தப் பெயர் தெரியாது. எந்தெந்தச் செல்லில் அதற்கு வேலை இருக்கோ அங்கே எல்லாம் போய் வேலை செய்யும். காயத்தை ஆற்றும் செல்களும் அதில் அடக்கம். ஒரு மருந்தால் தழும்பு தேவைக்குக் குறைவாக விழ முடியும் என்றால், இன்னொரு மருந்தால் தேவைக்கு அதிகமாக விழுமா என்பது நியாயமான கேள்விதான்.

மருந்து எங்கே கை வைக்குது?

பொதுவாக நுரையீரல் மாற்றியவர்கள் மூன்று மருந்துகளைச் சேர்த்து எடுப்பாங்க. டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் ஒன்று. மைக்கோஃபீனோலேட் அல்லது அசாதயோபிரின் ஒன்று. மூன்றாவது ஸ்டீராய்டு.

முதல் ஜோடியின் கதை சுவாரசியமானது. சைக்ளோஸ்போரின் நார்வேயின் பீடபூமி ஒன்றில் எடுத்த மண்ணில் இருந்த பூஞ்சையில் கிடைத்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணில் இருந்த பாக்டீரியாவில் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு மூலக்கூறுகள், ஆனால் போய்ப் பூட்டுவது ஒரே இடத்தை. கால்சினியூரின் என்ற நொதி அது. டி செல் என்ற காவல்காரச் செல், அந்நியனைப் பார்த்தவுடன் கால்சினியூரின் வழியாகத்தான் "வாங்கடா எல்லாரும்" என்று மற்ற செல்களைக் கூப்பிடுது. அந்த நொதியைப் பூட்டினால் கூப்பாடு நின்றுவிடும், புது நுரையீரல் தப்பிக்கும்.

சிக்கல் என்னன்னா, கால்சினியூரின் டி செல்லுக்கு மட்டும் சொந்தமான சாமான் இல்லை. மூளை, சிறுநீரகம், ரத்தக்குழாய், மூச்சுக்குழாயின் உள்தோல் என்று உடம்பெங்கும் இருக்கு. நம்ம தொழிலில் இதை ஷேர்டு லைப்ரரின்னு சொல்வோம். ஒரு ஆப்புக்காக அதில் ஒரு ஃபங்ஷனை முடக்கினால், அதை நம்பியிருக்கும் இன்னும் பத்து ஆப்பில் என்ன ஆகும் என்று தனியாகப் பார்க்கணும். டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்குக் கை நடுங்குவதும் ரத்தக் கொதிப்பு ஏறுவதும் இந்த வகைப் பக்க விளைவுகள்தான்.

தழும்பு விஷயத்தில் முக்கியமான ஆள் டிஜிஎஃப்-பீட்டா. உடம்பே சுரக்கும் ஒரு சமிக்ஞைப் புரதம். இதற்கு இரண்டு முகம் இருக்கு. ஒரு பக்கம் நோய் எதிர்ப்பைத் தணிக்கும். மறுபக்கம் ஃபைப்ரோபிளாஸ்டைப் பார்த்து "நாரைப் பின்னு" என்று சொல்லும். சைக்ளோஸ்போரின் கொடுத்தால் செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவை அதிகமாகச் சுரக்குது என்று 1990-களில் பல ஆய்வுகள் காட்டின. எதிர்ப்பைத் தணிப்பதில் அதுவும் கைகொடுக்கும், ஆனால் அதே சரக்கு தழும்பையும் தூண்டும். பயத்தின் வேர் இங்கே இருக்கு.

குற்றவாளியைப் பிரிப்பது எப்படி?

நீங்க ஒரு பக் தேடுறீங்கன்னு வைங்க. இரண்டு சந்தேகம் இருக்கு. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது காரணம் என்று தெரிஞ்சுடும். நுரையீரலில் அது முடியாது. ரிஜெக்‌ஷன் நடக்கும் ஒவ்வொருவரும் மருந்து எடுப்பவர். மருந்து இல்லாமல் ஒருவரை வைத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். அப்போ தழும்பு ரிஜெக்‌ஷனால் வந்ததா, மருந்தால் வந்ததா, எப்படிப் பிரிப்பது?

இதற்கு ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. இதயம் மாற்றிக்கொண்டவரை நினைத்துப் பாருங்க. அவர் இதயத்துக்காக சைக்ளோஸ்போரின் எடுக்கிறார். ஆனால் அவருடைய சிறுநீரகம் அவர் பிறந்தபோதே இருந்தது, சொந்த உறுப்பு. அதை ரிஜெக்ட் செய்ய உடம்புக்கு எந்தக் காரணமும் இல்லை. அங்கே புதிதாகத் தழும்பு விழுந்தால் மருந்தின் மேல் சந்தேகம் உறுதியாகும்.

விழுந்தது. 1984-ல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, ஒரு வருஷத்துக்கு மேல் சைக்ளோஸ்போரின் எடுத்த இதய மாற்று நோயாளிகளை, பழைய மருந்தான அசாதயோபிரின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டது. சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதிதான் இருந்தது. திசுவை எடுத்துப் பார்த்தபோது உள்ளே தழும்பு. 2003-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, சிறுநீரகம் அல்லாத வேறு உறுப்பு மாற்றிக்கொண்ட 69,321 பேரைப் பார்த்தது. அவர்களில் 16.5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. எல்லாமே மருந்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வயது எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனால் கால்சினியூரின் மருந்துகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பதில் இன்று சர்ச்சை இல்லை.

ஆக, இந்த மருந்துகளுக்கு ஓர் உறுப்பில் தழும்பு உண்டாக்கும் குணம் இருப்பது உறுதியான விஷயம். நுரையீரலிலும் அதையே செய்யுதா என்பதுதான் அடுத்த கேள்வி.

மூச்சுக்குழாய்ச் செல்களில் பார்த்தது

மூச்சுக்குழாயின் உள்சுவரில் ஓடு பதித்த மாதிரி நெருக்கமாக ஒட்டியிருக்கும் செல்கள் இருக்கு. எபிதீலியம் என்று பெயர். டிஜிஎஃப்-பீட்டா போன்ற தூண்டுதல் வந்தால், இவை பக்கத்துச் செல்லோடு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, நீளமாக உருமாறி, நகர ஆரம்பித்து, நார்ப் புரதமும் செய்யத் தொடங்கலாம். அதாவது சுவர் ஓடே கொத்தனாராக மாறும் நிலை. 2005-ல் இங்கிலாந்தின் நியூகாசில் குழு ஒன்று, நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களில் இந்த மாற்றத்தின் அடையாளங்கள் தெரிவதாக எழுதியது.

அதற்கு முன்பே, 1999-ல், நியூயார்க் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் சைக்ளோஸ்போரினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அமைதியாக இருந்த செல்கள் வடிவம் மாறி நகரத் தொடங்கின. டிஜிஎஃப்-பீட்டாவை எதிர்க்கும் ஆன்டிபாடியைச் சேர்த்ததும் அந்த மாற்றம் நின்றது. அவர்களின் கேள்வி புற்றுநோய் பற்றியது. ஆனாலும் மருந்து, டிஜிஎஃப்-பீட்டா, செல் உருமாற்றம் என்ற சங்கிலி அங்கே ஒரே கிண்ணத்தில் தெரிந்தது.

2011-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரக் குழு ஒன்று நேரடியாகவே கேட்டது: நுரையீரல் மாற்றில் கொடுக்கும் மருந்துகளை மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? அங்கே டி செல் இல்லை, ரிஜெக்‌ஷன் இல்லை, கிருமி இல்லை. செல்லும் மருந்தும் மட்டும். அப்படியும் உருமாற்றத்தின் அடையாளங்கள் தெரிந்தன. சிறுகுழாய் அடைப்புக்கு இந்த மருந்துகளும் ஒரு சாத்தியமான காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். 'சாத்தியமான' என்ற சொல்லை அழுத்திப் படிக்கணும்.

எதிர்த் தரப்பு என்ன சொல்லுது?

கிண்ணத்தில் நடப்பது எல்லாம் மனிதருக்குள் நடக்கணும்னு அவசியமில்லை. இதற்கு மூன்று நல்ல காரணங்கள் இருக்கு.

முதலாவது, செல் உருமாற்றமே சர்ச்சையில் இருக்கு. அதே 2011-ல் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, எலி நுரையீரலின் எபிதீலியச் செல்களுக்கு நிரந்தர அடையாளம் போட்டு, தழும்பு விழும்போது அவை எங்கே போகுதுன்னு பின்தொடர்ந்தது. நார் பின்னும் செல்களாக அவை மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேறு உள்ளூர்ச் செல்கள்தான் அந்த வேலையைச் செய்தன. மனிதரிடம் இதற்கு இணையான ஒரு தடயம் மிச்சிகனில் இருந்து வந்தது. விபா லாமாவின் குழு 2007-ல், ஆணின் நுரையீரல் பெண்ணுக்கோ பெண்ணின் நுரையீரல் ஆணுக்கோ பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தது. குரோமோசோமை வைத்து, நார் வகையைச் சேர்ந்த செல் யாருடையது என்று சொல்லிவிடலாம். பல வருஷம் கழித்தும் அவை பெரும்பாலும் தானம் கொடுத்தவரின் செல்கள்தான். ஒட்டுப் போடும் கொத்தனார் அந்த நுரையீரலோடு கூடவே வந்தவர். மருந்து அவரைத் தூண்டுதா என்பது தனிக் கேள்வி, ஆனால் 'ஓடு கொத்தனாராகுது' என்ற படம் மட்டும் போதாது.

இரண்டாவது, 2006-ல் பிட்ஸ்பர்க் குழு வெளியிட்ட ஒரு சோதனை. சைக்ளோஸ்போரினை மாத்திரையாகக் கொடுக்காமல் மூச்சுவழி நேராக நுரையீரலுக்கே கொடுத்தார்கள். மருந்து தழும்பை வளர்க்கும் என்றால் இவர்களுக்கு நிலைமை மோசமாகணும். நடந்தது நேரெதிர். போலி மருந்து எடுத்தவர்களைவிட இவர்கள் அதிக காலம் நாள்பட்ட ரிஜெக்‌ஷன் இல்லாமல் இருந்தார்கள், அதிக காலம் வாழ்ந்தார்கள். ஐம்பத்துச் சொச்சம் பேரிடம் நடந்த சின்னச் சோதனைதான், இருந்தாலும் ஒதுக்க முடியாது.

மூன்றாவது, மூன்று மருந்தும் ஒரே திசையில் இழுப்பதில்லை. மைக்கோஃபீனோலேட்டையே எடுத்துக்குங்க. தோல் இறுகும் ஸ்கிலிரோடெர்மா நோயில் நுரையீரலில் தழும்பு விழும்போது, அதற்குச் சிகிச்சையாகவே அதைக் கொடுக்கிறாங்க.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கு. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பாகும் ஐபிஎஃப் நோய்க்கு, ஸ்டீராய்டு, அசாதயோபிரின், என்-அசிட்டைல் சிஸ்டைன் மூன்றையும் சேர்த்து வெகுகாலம் கொடுத்தார்கள். வீக்கத்தை அடக்கினால் தழும்பு நிற்கும் என்ற நம்பிக்கை. 2012-ல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் அந்தக் கூட்டு மருந்து எடுத்தவர்களில் 8 பேர் இறந்தார்கள், போலி மருந்து எடுத்தவர்களில் ஒருவர். அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். எதிர்ப்பை அடக்குவதும் தழும்பைத் தடுப்பதும் ஒரே வேலை கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அப்போ எந்த மருந்து என்பது முக்கியமா?

முக்கியம் என்று இப்போ நல்ல ஆதாரத்தோடு சொல்லலாம். ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து நாடுகளில் நடந்த ஸ்கேன்கிளாட் சோதனையின் முடிவு 2024-ல் வந்தது. நுரையீரல் மாற்றிய 249 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சைக்ளோஸ்போரின், இன்னொரு பாதிக்குத் தினம் ஒரு வேளை டாக்ரோலிமஸ். 3 வருஷம் கழித்துப் பார்த்தால் சைக்ளோஸ்போரின் பக்கம் 39 சதவீதம் பேருக்குக் கிளாட், டாக்ரோலிமஸ் பக்கம் 13 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு.

இதைப் பார்த்ததும் "பார்த்தீங்களா, சைக்ளோஸ்போரின்தான் தழும்பு போட்டது" என்று கத்தத் தோணும். பொறுங்க. டாக்ரோலிமஸ் ரிஜெக்‌ஷனை இன்னும் நன்றாக அடக்கியதாலும் இதே எண்கள் வந்திருக்கலாம். சைக்ளோஸ்போரின் தழும்பைத் தூண்டியதாலும் வந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எந்த மருந்து நல்லது என்று இந்தச் சோதனை சொல்லுது, ஏன் நல்லது என்று சொல்லவில்லை. நோயாளிக்கு முதல் பதில் போதும். அடுத்த மருந்தை உருவாக்கப் போகிறவருக்கு இரண்டாவது பதில் வேணும்.

மருந்து மறைமுகமாகவும் தழும்புக்கு வழி விடலாம். நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளி உலகத்தை உள்ளே இழுக்கிற உறுப்பு. எதிர்ப்பு சக்தி அடங்கியிருக்கும்போது சாதாரணச் சளி வைரஸ்கூட ஆழமாகப் போகும். சிஎம்வி வைரஸ், சூடோமோனாஸ் பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் காத்துக்கிட்டிருக்கும். ஒவ்வொரு தொற்றும் சிறுகுழாயில் ஒரு காயம், ஒவ்வொரு காயமும் தழும்புக்கு ஒரு வாய்ப்பு. வயிற்று அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் போவதும் அதே கணக்கில் சேரும்.

நிறுத்தினால் என்ன?

கால்சினியூரின் மருந்தே வேண்டாம், சிறுநீரகமும் பிழைக்கட்டும் என்று முயன்று பார்த்திருக்காங்க. பெலடாசெப்ட் என்ற மருந்து சிறுநீரக மாற்றில் நன்றாக வேலை செய்தது. அதை நுரையீரல் மாற்றில் சோதிக்க, தொடக்கத்தில் இருந்தே ஒரு பிரிவுக்குக் கொடுத்து, 90 நாளில் டாக்ரோலிமஸை விலக்குவது திட்டம். 27 பேர் சேர்ந்த நிலையில் பெலடாசெப்ட் பக்கம் 3 பேர் இறந்துவிட்டார்கள், மறுபக்கம் யாரும் இல்லை. அத்தோடு ஆள் சேர்ப்பதையும் அந்த மருந்தையும் நிறுத்தினார்கள். கவனமான மருத்துவர்கள், முழுக் கண்காணிப்பு, மாற்று மருந்து எல்லாம் இருந்தும் இப்படி. வீட்டில் தானாக மாத்திரையை நிறுத்துவது என்ன ஆகும் என்று இதில் இருந்தே புரிஞ்சுக்கலாம்.

அந்த நேயருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பெரியப்பா மாத்திரையை ஒழுங்காக எடுத்தது வீண் போகவில்லை. அந்த மாத்திரை இல்லாவிட்டால் அவருக்கு இந்த நாலு வருஷமே கிடைத்திருக்காது. தழும்பு விழுந்தது அவர் தப்பும் இல்லை. மருந்து முதன்மையாகத் தடுப்பது தாக்குதலை. தழும்பு வேறு வழியிலும் வரும், ஒருவேளை மருந்தும் அதற்குக் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம்.

டாக்டரிடம் உட்காரும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்க. அவர் எடுப்பது சைக்ளோஸ்போரினா டாக்ரோலிமஸா, மாற்றிப் பார்க்க இடம் இருக்கா? ரத்தத்தில் மருந்தின் அளவு சீராக இருக்கா, ஏறி இறங்குதா? அசித்ரோமைசின் அவருக்குப் பொருந்துமா? இது கிருமிக்கான மருந்துதான், ஆனால் சிறுகுழாய் அடைப்பு உள்ள சிலருக்கு மூச்சுத்திறனை மீட்டிருக்கு. அமிலம் மேலேறுவது இருக்கா என்று பார்த்தாச்சா?

வீட்டில் கவனிக்க வேண்டியது மருந்தின் அளவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சில நானோகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் டாக்ரோலிமஸ் இருக்கணும். குறைந்தால் ரிஜெக்‌ஷன், கூடினால் சிறுநீரகம். அதனால் தினமும் ஒரே நேரத்தில் எடுக்கணும். பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் வேண்டாம், மருந்தின் அளவை ஏற்றிவிடும். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகளும் ஏற்றும். நம்ம ஊரில் டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் தடாலென்று இறக்கிவிடும். அதனால் பக்கத்து கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போனாலும் மாற்று நுரையீரல் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்பில் அவங்களாகவே பிராண்டை மாத்திக் குடுத்தா வாங்காதீங்க, டாக்டரைக் கேளுங்க. ஊதிப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அளவைத் தினமும் நோட்டில் எழுதுங்க. இறங்குது என்று தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போன் பண்ணுங்க. விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால், மிச்சம் இருக்கும் நல்ல நுரையீரலைக் காப்பாற்ற நேரம் கிடைக்கும்.

இந்த எபிசோடு யாருக்காவது உதவும்னு தோணுச்சுன்னா அவங்களுக்கு அனுப்புங்க. உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டாகவே அனுப்பலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.